கொக்கியைக் கழற்றச் சொல்லித்தராத உங்களுக்கு

என்னங்க,

உங்களைத்தான். அங்கேயும் யாரையாவது பிடித்து வைத்துக்கொண்டு டயரில் காற்று எப்படிப் பார்ப்பது என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தால், அதை நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். நான் பேசும்போது குறுக்கே பேசாமல் நீங்கள் கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

நம் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் மலர் போடுகிறார்களாம். உங்களைப் பற்றி நல்லதாக ஒரு பக்கம் வேண்டுமாம். "அங்கிள் எல்லாருக்கும் ஓடி ஓடி ஹெல்ப் பண்ணுவாரே ஆன்ட்டி, அதையே எழுதிக் குடுங்க" என்றாள் மலர் வேலை பார்க்கும் பெண். உண்மைதான், மறுக்கவில்லை. சான் ஹோசேயில் புதிதாக வந்து இறங்கிய பையன்களுக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லித்தந்தீர்கள். கட்டிய பெண்டாட்டிக்கு மட்டும் ஒரு கொக்கியைக் கழற்றச் சொல்லித்தரவில்லை. நான் அதைத்தான் எழுதப்போகிறேன். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இவர் ஆசைப்பட்டு ஒரு டிரெய்லர் வாங்கினார். சக்கரம் வைத்த சின்ன வீடு. உள்ளே அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உண்டு. அதை இழுக்க ஒரு பிக்கப் டிரக். டிரக்கின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின் மேல் டிரெய்லரின் மூக்கைக் கவிழ்த்து வைத்துப் பூட்ட வேண்டும். அப்புறம் இரண்டு சங்கிலி, ஓர் ஒயர். இதுதான் அந்தக் கொக்கி, அவ்வளவுதான் விஷயம்.

சனிக்கிழமை விடிந்தால் அதன் கூரைமேல் ஏறிவிடுவீர்கள். மழைக்கு ஒழுகுமாம், விரிசலுக்கெல்லாம் பசை பூசுவீர்கள். வீட்டுச் சமையலறைக் குழாய் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டு கிடக்கும், அது உங்கள் கண்ணில் பட்டதே இல்லை. கக்கூஸ் தொட்டியைக் காலி பண்ணும்போது ஹோஸைப் பிடிக்க நான் வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்த நான் வேண்டும். ஸ்டியரிங் பக்கம் போனால் மட்டும், "இது உன் கொரோலா இல்லம்மா, உனக்கு வராது" என்பீர்கள். தினமும் ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் ஓட்டி வேலைக்குப் போய்வந்தவளுக்கு வராதாம்.

நீங்கள் சாமான் ஏற்றின அழகைச் சொல்லாமல் விடுவேனா? முன்பக்க அலமாரியில் சாமி படங்கள். சாமிதான் முன்னால் போகணும் என்று சட்டம். அதனால் அரிசி மூட்டை, கிரைண்டர், செருப்பு, கேம்ப்கிரவுண்ட் தண்ணீரை நம்ப முடியாது என்று வீட்டிலிருந்தே பிடித்துவந்த தண்ணீர்க் கேன்கள் எல்லாம் வாலில். மேட்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆடும்.

"என்னங்க, பின்னாடி ஆடுது."

"காத்து."

இலை அசையாத நாளிலும் உங்களுக்குக் காற்றுதான். நீங்கள் பிடித்த முயலுக்கு என்றைக்குமே மூன்று கால்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். லாஸ் பானோஸ் பக்கம் ஏரிக்கரை. நம் பெண் நித்யாவுக்கு ஸ்கூல் இருந்ததால் அவளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு நாம் இரண்டு பேர் மட்டும் போயிருந்தோம். மறுநாளே கிளம்பப்போகிறோம் என்று டிரெய்லரை டிரக்கிலிருந்து கழற்றாமலே விட்டிருந்தீர்கள். வேலைநாள், சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. காபியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தேய்த்தீர்கள்.

"வாயு. ராத்திரி தின்ன கிழங்கு."

ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். குடித்தீர்கள். உங்கள் முகம் வேர்த்து ஊற்றியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் அப்பாவுக்கும் இப்படித்தான் வேர்த்தது.

"இதைக் கழட்டிப் போட்டுட்டு டிரக்கை மட்டும் எடுங்க. நான் ஓட்டறேன். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"கழட்டி வெச்சுட்டுப் போனா அப்புறம் யாரு திரும்பி வந்து எடுக்கறது? நானே மெதுவா ஓட்டிடுவேன். ஏறு."

நான் கெஞ்சினேன். கத்தினேன். கீழே குனிந்து அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஒரு ஊசியை உருவ வேண்டும், பிறகு ஜாக்கியைச் சுற்றி மூக்கைத் தூக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் டிரக்குக்குள் உட்கார்ந்து ஹாரன் அடித்தீர்கள். என்னை அவசரப்படுத்தி ஹாரன் அடித்தீர்கள்! பச்சேக்கோ பாஸ் மலைப்பாதை ஏற்றத்தில், பின்னால் அந்த வீட்டை இழுத்துக்கொண்டு, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினீர்கள். ஓரமாக நிறுத்தத்தான் உங்களுக்கு நேரம் இருந்தது. யாரோ ஒரு லாரிக்காரர் நிறுத்தி ரேடியோவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது வந்தபோது நீங்கள் இல்லை.

டாக்டர், "கொஞ்சம் முன்னால் வந்திருந்தால்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த மீதிப் பாதியோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். எங்களைவிட உங்களுக்கு அந்தத் தகர டப்பா பெரிதாகப் போய்விட்டதா? வரவர, நீங்கள் செத்ததைவிட நீங்கள் வாதாடியதுதான் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் கார் ஓட்டச் சொல்லித்தந்த பையன்கள்தான் டிரெய்லரை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். பல நாள் நான் அதன் முகத்தில் விழிக்கவே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெறி வந்தது. வீடியோவைப் பார்த்துப் பார்த்து வீட்டு வாசலிலேயே கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். கை எல்லாம் கிரீஸ். முதல் தடவை அழுதுகொண்டே கழற்றினேன். கடைசியில் எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? அன்றைக்கு நீங்கள் ஓமத் தண்ணீரை ஆற்றிக் குடித்த நேரம்கூட ஆகவில்லை.

நித்யாவின் ஸ்கூல் பார்க்கிங் லாட்டில் ஓட்டிப் பழகினேன். "அம்மா, தி வெயிட் இஸ் ஆல் இன் தி பேக். அதான் ஆடுது" என்றாள் பதினொன்றாம் கிளாஸ் படிக்கும் உங்கள் மகள். சிப் டிசைன் பண்ணிய என்ஜினியர் உங்களுக்குத் தெரியவில்லை. அரிசியையும் கிரைண்டரையும் முன்னால் கொண்டுபோனேன், சாமி படங்களை வாலில் வைத்தேன். அப்படியே மலை ஏறி லிவர்மோர் கோயில் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு ஆட்டம் இல்லை. கோயில் வாசலில் ஒரு பெரியவர், "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார். "செத்துட்டார் அங்கிள். அதனாலதான் நான் ஓட்டறேன்" என்றேன். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

போன வாரம் உங்கள் தம்பி சேகர் சுகர் லேண்டிலிருந்து வந்திருந்தார். உங்களுக்கு இருந்த அதே பிரஷர், அதே மாத்திரை, அதே தொப்பை.

"அண்ணி, அண்ணன் ஆசையா வெச்சிருந்தது. உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? நான் டெக்சாஸுக்கு எடுத்துட்டுப் போயிடறேன். பசங்களைக் கூட்டிட்டு கேம்பிங் போவோம்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. சனியன் தொலைந்தால் போதும் என்று இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு அவர் பெண்டாட்டியைப் பற்றிச் சும்மா ஒரு வார்த்தை கேட்டேன்.

"தம்பி, கவிதாவுக்கு இதைக் கழட்டத் தெரியுமா?"

சிரித்தார். அப்படியே உங்கள் சிரிப்பு.

"அவளுக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்? நான் இருக்கேன்ல."

அவர் கையை விரித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். வெறும் கையோடு பிளேன் ஏறிப் போய்விட்டார். அண்ணிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இதற்குள் போன் போயிருக்கும். போகட்டும்.

அன்று சாயங்காலமே கவிதாவைக் கூப்பிட்டேன். நாம் இரண்டு பேரும் ஏரிக்கரையில் பேசியதை, ஒன்று விடாமல், இதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். "அக்கா, இவரும் நெஞ்சைத் தேச்சுக்கிட்டு வாயுன்னுதான் சொல்றாரு" என்றாள். பொங்கல் கழித்து அவள் மட்டும் வருகிறாள், டிக்கெட் எடுத்தாயிற்று. முதலில் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போ, அப்புறம் இங்கே வா என்று சொல்லியிருக்கிறேன்.

என் துணை இல்லாமல் அவள் தானே கழற்றி, தானே மாட்டி, தானே ஓட்டிக் காட்டுகிற அன்றைக்குத்தான் சாவி போகும். அதுவும் அவள் கைக்கு. உங்கள் மேல் சத்தியம் பண்ணி இனி என்ன பிரயோஜனம்? நித்யா மேல் சத்தியம். உங்கள் வீட்டில் இன்னொருத்தி மண்ணில் முழங்காலிட்டு அந்தப் பூட்டை இழுத்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து ஒருத்தர் ஹாரன் அடிக்க நான் விடமாட்டேன்.

இப்படிக்கு,
ஏறு என்றதும் ஏறி உட்கார்ந்த உங்கள் மனைவி,
வசந்தா