வெள்ளிக்கிழமை பிரியாணி

மேற்குத் தாம்பரம்,
2-6-68, ஞாயிறு.

அன்புள்ள மகன் தேவானந்தத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் இடது முழங்காலைத் தவிர. பிலாயில் வெயில் எப்படி இருக்கிறது, இரும்பு உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவனிடம் வெயிலைப் பற்றிக் கேட்கிறேன் பார், மோர் நிறையக் குடி, மெஸ்ஸில் கொடுக்கிற ஊறுகாயை அதிகம் தொடாதே. இரண்டு வாரமாக வீட்டிலிருந்து ஒரு வரிகூட இல்லை என்று கோபமாகக் கார்டு போட்டிருந்தாய். அதற்காக அமலராணியைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் சேதி நடந்த அன்றைக்கே எழுத உட்கார்ந்தாள், நான்தான் இந்தச் சேதியை என் கையால் எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பிறகு சேதி ஒரு முடிவுக்கு வரட்டும் என்று நானே நாளைக் கடத்திவிட்டேன். நேற்றுத்தான் முடிவுக்கு வந்தது. ஆகவே பொறுமையாக, நடுவில் தாண்டிப் போகாமல் படி.

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து, ஏப்ரலில் உன் மனைவி அமலாவையும் குழந்தையையும் முதல் முறையாக எங்களிடம் அனுப்பி வைத்தாயே, அப்போது நீ பயந்துகொண்டே அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். ஆர்.சி. கத்தோலிக்க வீட்டுப் பெண், நம் வீட்டில் எப்படி ஒட்டுவாளோ என்று. ஒட்டியது மட்டுமா, எனக்கு ஸ்கூல் லீவு என்று தெரிந்ததும் அவளும் உன் தங்கை ஜெயசீலியும் சேர்ந்துகொண்டு என்னை ஒரு நாள் வீட்டில் உட்கார விடவில்லை. மீனம்பாக்கத்தில் ஏரோப்ளேன் பார்க்கப் போனோம். அவ்வளவு பெரிய விமானம் தலைக்கு மேல் போகிறது, உன் மகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசியில் அந்த மனிதர் வெட்கப்பட்டுக் கொடுத்துவிட்டார். மகாபலிபுரம் போன அன்று பஸ்ஸில் அம்மாவுக்கு இடம் கிடைக்காமல், முழங்கால் வலிக்காக வழியெல்லாம் அவளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலங்களில் காலேஜ் வளாகக் காட்டுக்குள் மான் பார்க்க நடப்போம். வண்டலூர்ப் பக்கமிருந்து நுங்கு வரும், அமலாவே சீவிக் கொடுப்பாள். ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். குழந்தை அழுகிறது, ஜெயசீலி சிரிக்கிறாள், நான் மட்டும் பாடம் நடத்துகிற முகத்தோடு இருக்கிறேன். பரவாயில்லை, மேஜையில் வை.

இத்தனை சந்தோஷத்திலும் ஒன்று என் கண்ணில் பட்டது. பீச்சுக்குப் போக எலெக்ட்ரிக் ரயிலில் ஏறினோம். அந்த ரயிலில்தானே நீ அவளைக் கண்டு உன் கல்யாணக் காரியத்தை முடித்துக்கொண்டாய், இப்போதுதான் தெரிகிறது, தினமும் ஒரே பெட்டியாம், அமலா சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். அவள் பிறந்த வீடு இருக்கிற பல்லாவரம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையை ஜன்னல் கம்பிக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் முழுக்க ஒரு பார்வை பார்த்தாள். தெரிந்தவர் யாராவது நின்றால் குழந்தை முகத்தையாவது பார்க்கட்டும் என்று. வண்டி நகர்ந்ததும் மடியில் உட்கார வைத்துக்கொண்டு, பீச் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. கல்யாணம் அவர்கள் கோயிலில் நடக்காமல் நம் சர்ச்சில் நடந்தது என்பதற்காக, எனக்குப் பெண்ணே பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் அவள் அப்பா சவுரிமுத்து. தான் பார்க்காததோடு, அவள் அம்மா மெட்டில்டாவையும் பார்க்க விடவில்லை. அப்போது நான் மட்டும் லேசுப்பட்டவனா, வராவிட்டால் போகட்டும் என்று நானும் தலையைத் திருப்பிக்கொண்டவன்தான். அந்த ரயிலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் யாரிடமும் சொல்லாமல் பல்லாவரத்தில் அவருடைய லாரிப் பட்டறைக்குப் போனேன். ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் லாசரஸ், தாம்பரம் என்று சொன்னேன். உள்ளேயிருந்து, “இன்னா சார், இன்னா விஷயம்?” என்று குரல் வந்தது, ஆள் வரவில்லை. ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய இரண்டு காலிடமும்தான் பேசினேன். பேத்திக்கு மே பதினேழாம் தேதி முதல் பிறந்தநாள், சாயங்காலம் ஜெபம், சாப்பாடு, நீங்கள் வரவேண்டும், கல்யாணத்தின்போது நானே நேரில் வந்து பேசியிருக்க வேண்டும், அது என் தப்பு என்றேன். ஸ்பானர் சத்தம் நின்றது. “அதுக்கு இன்னும் பத்து நாள் கீதே, பாக்கலாம் சார்” என்றது கால். அவ்வளவுதான். அவர் வராமல் போனால் அவள் ஏமாந்துவிடக் கூடாதே என்று அமலாவிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

அங்கேதான் வினை. சம்பந்தி முதல் தடவையாக வாசல் மிதிக்கப் போகிறார் என்றதும் உன் அம்மா ரத்தினபாய்க்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு ஜாபர் பாயைக் கூப்பிட்டு ஆட்டுக்கறி பிரியாணிக்குச் சொன்னாள். அரிசிக்கு இருக்கிற கஷ்டத்தில் அந்த மனிதர் எங்கிருந்து அவ்வளவு அரிசி கொண்டுவந்தார் என்று தெரியவில்லை. கோழி வறுவல், கோலா உருண்டை, கத்தரிக்காய்க் குழம்பில்கூட எலும்பு. கறி இல்லாமல் அன்றைக்கு வீட்டில் இருந்தது கேக்கும் தயிரும் மட்டும்தான். பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை என்று காலண்டரில் எல்லோரும்தான் பார்த்தோம். ஜாபர் பாய்க்கு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்தால் பிரியாணி நாள். நமக்கு அது வியாழனுக்கும் சனிக்கும் நடுவில் வருகிற ஒரு நாள். மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கிறது என்று முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு எட்டவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு வாசலில் கடகடவென்று ஒரு சத்தம். சலவை வேட்டி சட்டையில் சவுரிமுத்து, கையில் இரும்பு நடைவண்டி, சக்கரத்துக்கு லாரி பேரிங். பத்து நாளாக அரத்தால் ராவி ராவித் தன் கையாலேயே செய்ததாம். அமலா கேக்குக்குப் பக்கத்தில் மெழுகுவத்தியோடு நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். அவரும் அவளைப் பார்க்காமல் சுவரில் இருக்கிற வேத வசனத்தைப் படித்துக்கொண்டு நின்றார். ஸ்டூடியோக்காரரைப் பார்த்து ஊரைக் கூட்டிய உன் மகள் அவர் வேட்டியைப் பிடித்து எழுந்து நின்றாள். அவர் தூக்கியதும் கழுத்தில் தொங்கிய அந்தோணியார் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. சரி, எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று நான் மூச்சு விட்டேன். இலை போட்டோம். ஜாபர் பாய் பிரியாணி தேக்சா மூடியைத் திறந்தார். சவுரிமுத்து இலைக்கு முன்னால் கைகூப்பி, “இன்னிக்கி வெள்ளிக்கெழம சார், கறி சாப்புட மாட்டேன்” என்றார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. ஆர்.சி.க்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி கூடாது. இது தெரிந்தே இந்த வீட்டார் என் இலையில் கறியை வைக்கிறார்கள், என் வேதத்தைக் கேலி செய்யத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அவர் எழுந்து போய்விட்டால் இனி இந்த ஜென்மத்தில் வரமாட்டார். உன் அம்மா அமலாவைத் திரும்பிப் பார்த்து, ஏம்மா நீயாவது சொல்லக் கூடாதா என்றாள். அப்பாவைக் கூப்பிட்டதே எனக்குத் தெரியாதே அத்தை என்றாள் அவள். பிறகுதான் இன்னொன்றும் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஜாபர் பாய் வீட்டு பரிதா ஒரு கிண்ணம் குருமா கொடுத்தனுப்புவாள் அல்லவா, அம்மா முதல் கரண்டியை மருமகளுக்குத்தான் ஊற்றுவாள், இவள் வயிறு சரியில்லை என்று ரசம் சாதத்தோடு எழுந்துவிடுவாள். நம் வீட்டில் சாப்பிட இவளுக்குப் பிடிக்கவில்லை என்று அம்மா என்னிடம் அழாத குறை. வந்த இடத்தில் சங்கடப்படுத்தக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, ஆறு வெள்ளிக்கிழமை இந்தப் பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறேனே என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஜாபர் பாய்தான் பாவம், தேக்சாவுக்குப் பக்கத்தில் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டு, “அண்ணே, மன்னிச்சுக்கங்க, எங்களுக்கு வெள்ளிக்கெழமன்னாதான் பிரியாணியே” என்றார். சவுரிமுத்து அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேர் முழியையும் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, “அமலா, அப்பாவுக்கு ஒரு முட்ட ஊத்திக் குடும்மா” என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் மகளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் மூன்று முட்டை ஊற்றினாள், கண்ணீரில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் அப்படியே தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சாப்பிட்டார். கிளம்பும்போது, “நாளைக்கு சனிக்கெழமதானே பாய்?” என்று கேட்டாரே பார்க்கலாம், ஜாபர் பாய் புதுசாகவே ஒரு தேக்சா பிரியாணி போட்டுவிட்டார். மறுநாள் மத்தியானம் சவுரிமுத்து மெட்டில்டாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் வாசலிலேயே அமலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள், உள்ளே கூப்பிடவே எங்களுக்கு மனம் வரவில்லை. சவுரிமுத்து மட்டும் போய் இரண்டு இலை பிரியாணி சாப்பிட்டார்.

நாங்கள் நேராக நடத்தியிருந்தால் ஒரு நாள் வந்து, கை நனைத்துவிட்டுப் போயிருப்பார், எங்கள் முட்டாள்தனத்தால் இரண்டு நாள் வந்தார் என்று அம்மா இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். அதற்கு அடுத்த வியாழக்கிழமை, ஒரு வாரம் இருக்கட்டும் என்று அமலாவையும் குழந்தையையும் பல்லாவரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வாரம் என்றார், இன்றைக்குப் பதினோராம் நாள். மரிய எஸ்தர் என்று நீங்கள் பேர் வைத்ததில் நாம் எஸ்தரை எடுத்துக்கொண்டோம், அங்கே எல்லோரும் மரியா என்கிறார்கள், அந்தப் போக்கிரி இரண்டுக்கும் திரும்புகிறாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஜெயசீலி எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிறாள். பிலாய்க்குத் திரும்பப் பன்னிரண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோமே, கூட்டிவந்துவிடலாம் என்று நேற்று நானே போனேன். அவர் நட்டு போல்ட்டை எல்லாம் கீழே வைத்துவிட்டு, “தனியா எப்டி சார் அனுப்பறது? மாப்ள வரட்டும். நம்ம வூட்ல ரெண்டு நாள் இருந்து சாப்ட்டு, அப்றம் கூட்டிக்கினு போவட்டும்” என்றார். மாப்ள என்றார் தேவா. என் காதில் நன்றாகவே விழுந்தது, இருந்தாலும் விழாத மாதிரி, யார் வரட்டும் என்று இன்னொரு தடவை கேட்டேன். சலித்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை சொன்னார். அமலா பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள் இருந்தாள், அவளும் கேட்டிருப்பாள்.

ஆகவே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ இந்தக் கடிதம் கண்டதும் லீவு எழுதிக் கொடு, தரமாட்டேன் என்றால் என் பேரைச் சொல்லி உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதே, உள்ளதைச் சொல்லிக் கேள். நாகபுரியில் வண்டி மாறும்போது பெட்டியைப் பார்த்துக்கொள். வருகிற தேதிக்குத் தந்தி எனக்கு வேண்டாம், சவுரிமுத்து, லாரிப் பட்டறை, பல்லாவரம் என்று அவர் பேருக்கே கொடு, நான் அங்கே போய்ப் படித்துக்கொள்கிறேன். அம்மாவும் ஜெயசீலியும் உனக்கு அன்பு சொல்லச் சொன்னார்கள். வேலையிலும் வழியிலும் கர்த்தர் உனக்குத் துணையிருக்கட்டும், நீயும் உன் பிள்ளையும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். மறந்துவிடாதே, சென்ட்ரலில் இறங்கியதும் பார்க் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ரயில் ஏறி, பல்லாவரத்திலேயே இறங்கிவிடு. தாம்பரத்துக்கு மூன்றாம் நாள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும் அப்பா,
ஞா. லாசரஸ்