கூஜாவுக்காக ஒரு குதிரைப்படை

செப்டம்பர் 27, சனி. புரட்டாசி 11.

பகலில் புழுக்கம். மாலையில் சேலையூர்ப் பக்கம் ஒரு பாட்டம் மழை. வண்ணம் உலர வழக்கத்தைப்போல் இரு மடங்கு நேரம்.

நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் குதிரைப்படை. மார்புக் கவசம், உருவிய வாள், குதிரைவால் தொங்கும் தலைக்கவசம். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். இன்று மீசைகள். மூன்று முடிகொண்ட தூரிகை, மூச்சை அடக்கியபடி.

வீட்டு வேலைக்கு வரும் செல்வி பெருக்கும்போது குனிந்து பார்த்தாள். பிறகு சமையலறையிலிருந்து அவள் குரல்: "யம்மா, ஐயா இன்னாமா பொம்மைக்கு மீசை வரைஞ்சிகினு கீறாரு? கொலுவுக்கா?"

கோமதி: "கொலுவுக்கு இல்லடி. என் கூஜாவை மீட்கறதுக்கு."

மனைவி சொன்னதில் பிழையில்லை. கோவிலம்பாக்கம் பாஸ்கரன் (இனி பா.) ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. அவரும் நானும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் புரிவது வழக்கம். வென்றவர் வீட்டில் அடுத்த போர் வரை கோப்பை இருக்கும். கோப்பைக்கென்று கோமதியின் தாய்வீட்டுப் பித்தளைக் கூஜாவை எடுத்துக் கொடுத்தவன் நான். அது இந்த வீட்டை விட்டுப் போகாது என்பது என் கணிப்பு. முதல் போரிலேயே போயிற்று. இன்றுவரை திரும்பவில்லை. பா. வீட்டில் டிவி பக்கத்தில், உள்ளே பிளாஸ்டிக் ரோஜா செருகி நிற்கிறது. கோமதி அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். அன்று இரவு ரசத்தில் உப்பில்லை.

இம்முறை குதிரைப்படை உண்டு. இதுவரை என்னிடம் குதிரைப்படை இருந்ததில்லை. தோல்விகளுக்கு அதுவே காரணம்.

செப்டம்பர் 28, ஞாயிறு.

காலை வெயில். பா. தொலைபேசியில்.

"சார், வியாழக்கிழமை லீவு. வெச்சிக்கலாமா சண்டையை?"

அன்று காந்தி ஜெயந்தி. போர் தகுமா என்றேன்.

"விஜயதசமியும் அன்னிக்குத்தானே சார்? ரெண்டுல உங்களுக்கு எது தோதோ அதை எடுத்துக்குங்க."

ஒப்புக்கொண்டேன். உடனே அவர்: "ரூல் ஞாபகம் இருக்கில்ல? வண்ணம், பீடம், மண்ணு, மூணும் முடிஞ்ச பொம்மைதான் டேபிள்ல ஏறும். நீங்க எழுதினது."

நான் எழுதியதுதான். சென்ற போரில் அவருடைய பீரங்கிகளின் பீடத்தில் மணல் ஒட்டப்படவில்லை. களத்தில் அனுமதிக்க மறுத்தேன். பீரங்கியே இல்லாமல் அவர் என்னை வென்றது வேறு விஷயம்.

செப்டம்பர் 29, திங்கள்.

குதிரைகளுக்குப் பழுப்பு, செம்பழுப்பு, கருமை. எக்காளம் ஊதுபவனின் குதிரைக்கு மட்டும் வெள்ளை.

கோமதி: "இது மட்டும் ஏன் வெள்ளை? பெயிண்ட் தீர்ந்துடுச்சா?"

புகை மண்டிய களத்திலும் தளபதியின் கண்ணுக்கு எக்காளக்காரன் உடனே அகப்படவேண்டும் என்று விளக்கினேன்.

"அப்போ எதிரிக்கும்தானே உடனே அகப்படுவான்?"

இக்கேள்விக்கு நூல்களில் விடை தேடவேண்டும்.

பீடத்துக்கு மணல். அடுத்த தெருவில் அடுக்குமாடி எழும்பும் இடத்துக்கு டிபன் டப்பாவுடன் சென்றேன். அங்கே இருப்பது பாறை அரைத்த எம்-சாண்ட். முனை கூர், நிறம் சாம்பல். ஐரோப்பிய மண்ணாகத் தோன்றாது. ஆற்றுமணல் உண்டா என்று காவல்காரரிடம் கேட்டேன்.

"ஆத்து மணலா? அத்த கண்ணால பாத்தே ரொம்ப நாளாவுது சார். இந்தத் தம்மாத்தூண்டு டப்பாவுல வாங்கிகினு போயி இன்னா வூடு கட்டப் போறே?"

கொலுவுக்கு என்று சொல்லியிருக்கலாம். போர்க்களத்துக்கு என்று உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து கேட் வரை வழியனுப்பினார்.

தீர்வு வீட்டிலேயே. கொலுப்படியின் கீழ் கோமதி அமைத்த பூங்காவில் சலித்த ஆற்றுமணல், நடுவில் கண்ணாடிக் குளம், ஓரத்தில் முளைவிட்ட கேழ்வரகு. அனுமதி பெற்று ஒரு கிண்ணம் எடுத்தேன். குளத்தின் கரை சற்றே உள்வாங்கியது. கிரிக்கெட் ஆடும் பொம்மைகளுக்கு ஆடுகளம் போதவில்லை என்று புகார்.

செப்டம்பர் 30, செவ்வாய்.

வண்ணம் முற்றிற்று. நாளைய பணி:
பீடத்துக்கான மரவட்டுகளில் குதிரைகளை ஒட்டுதல்.
வட்டின் மேல் வெள்ளைப் பசை பூசி மணல் தூவுதல்.
இரவு முழுதும் உலரவிடுதல் (இதில் அவசரம் கூடாது. பா.வுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்).

வீரர், தூரிகைகள், பசைப்புட்டி, மணற்கிண்ணம், எல்லாம் ஒரே தட்டில். ஈ உட்காராமல் மேலே மஸ்லின் துணி.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை.

காலையில் தாம்பரம் மார்க்கெட். வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி, சாமந்தி. கூட்டம் தாங்கவில்லை. ஆட்டோக்களுக்கெல்லாம் மாலை; ஓட்டுநர்களுக்கு முன்கண்ணாடி வழியே ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தால் தட்டைக் காணவில்லை.

பூஜை அறையில் சரஸ்வதி படத்தின் முன் பஞ்சாங்கம், கோமதியின் தையல் மெஷின், மிக்ஸி, ஸ்க்ரூ டிரைவர், அரிவாள்மணை. அவற்றுக்கு முன்னால், அணிவகுத்து, பிரெஞ்சுக் குதிரைப்படை. ஒவ்வொரு குதிரையின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கவசங்களின் நட்டநடுவிலும். பசைப்புட்டிக்கும் பொட்டு.

"கோமதி, இது என்ன?"

"கையில கத்தி வெச்சிருக்காங்க. ஆயுதம்தானே? குதிரை வாகனம்தானே? ஸ்கூட்டருக்கு வெச்சுட்டு இதுக்கு வெக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"இன்றைக்கு இவற்றுக்குப் பீடம் ஒட்ட வேண்டும்."

"பூஜையில வெச்சாச்சுங்க. நாளைக்குக் காலையில புனர்பூஜை ஆனப்புறம்தான் கையை வெக்கணும்."

"பசையையாவது எடுத்துக்கொள்கிறேன்."

"பசையும் பூஜையில இருக்கு." பிறகு தணிந்த குரலில்: "ஜெயிக்கட்டும்னுதானே வெச்சேன். என் கூஜா."

வெல்வதற்காக வைத்ததால் களம் இறங்கவே முடியாத நிலை. இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். தூரிகைகளை அளவு வரிசையில் அடுக்கியிருந்தாள்; மிகச் சிறியது முதலில். நான் அடுக்குவது போலவே. பணியில் இருந்தவரை அலுவலகத்தில் என் வரைபலகைக்குப் பொட்டு வைப்பார்கள். அதன்பின் என் பொருள் எதுவும் பூஜைக்குப் போனதில்லை. இதைப் பற்றி மேலும் எழுதுவதற்கில்லை.

பா.வை அழைத்து ஒரு நாள் தள்ளிவைக்கலாமா என்றேன்.

"ரூல்னா ரூல் சார். இல்லேன்னா குதிரை இல்லாம ஆடுங்க. கூஜாவை எடுத்துட்டு வரேன், மேடம் ஒருதரம் பார்த்துக்கட்டும்."

சுண்டல்: கொண்டைக்கடலை.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி.

விடியுமுன் குளித்துத் தயார். கோமதி புனர்பூஜை செய்து, படத்தை வடக்கே நகர்த்தி, "இப்போ எடுத்துக்குங்க" என்றதும் எடுத்தேன். வட்டில் குதிரை, பசை, மணல். அவசரத்தில் பசை விளிம்பு தாண்டி வழிந்தது. துடைக்க நேரமில்லை. வாசலில் பா.வின் இருமல். ஈரத்தோடு அப்படியே களத்தில், பச்சைக் கம்பளத் துணியின் மேல், என் வலப்பக்கம் நிறுத்தினேன். மின்விசிறி முழு வேகத்தில்.

குங்குமத்தைத் துடைக்கவும் நேரமில்லை. நேரமிருந்தாலும் துடைத்திருக்க மாட்டேன்.

பா. கூஜாவை ரோஜாவோடு அலமாரி மேல் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"எந்த ரெஜிமெண்ட் சார் இது, நெத்தியில பொட்டோட?"

"தாம்பரம்" என்று கோமதி உள்ளிருந்து பதில் சொன்னாள்.

"மண்ணு ஒட்டியாச்சு போலிருக்கே! நேத்து இல்லேன்னீங்க?" விரலை நீட்டினார். எதிரியின் படையைத் தொடலாகாது என்ற விதியை நினைவூட்டினேன். அதுவும் நான் எழுதியது. விரல் பின்வாங்கியது.

காலை முழுதும் குதிரைகளை நகர்த்தவில்லை. பசை உலரட்டும். இதற்கிடையில் பா.வின் காலாட்படை என் நடுப்பகுதியைத் தின்றுகொண்டிருந்தது. அவருக்குப் பகடை ஆறு ஆறாக விழுந்தது.

கோமதி எட்டிப் பார்த்து: "உங்க குதிரையெல்லாம் ஏன் சும்மா நிக்குது? பொங்கல் வரைக்கும் நிக்குமா?"

"சேமப்படை. தக்க தருணத்துக்கு."

உச்சிவேளை. இனித் தக்க தருணம் வராது என்பது தெளிவு. தாக்குதலை அறிவித்தேன். பா. சிரித்துக்கொண்டே தம் காலாட்களைச் சதுர வியூகமாக அடுக்கினார். நாற்புறமும் துப்பாக்கிக் கத்திகள்.

"சதுரத்தைக் குதிரை உடைச்சதா சரித்திரமே கெடையாது சார். தெரியுமில்ல?"

தெரியும். ஏறக்குறைய உண்மை. கூஜாவை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். எக்காளக்காரனை, அந்த வெள்ளைக் குதிரையை, பிடித்துத் தூக்கினேன்.

வரவில்லை. பசை உலர்ந்திருந்தது, துணியோடு சேர்ந்து. சற்று வலுவாக இழுத்தேன். குதிரை வந்தது; துணியும் வந்தது. களமே ஒரு மலையாக எழுந்து சரிந்தது. பா.வின் சதுரம் ஒன்று, சதுரம் இரண்டு, பீரங்கிகள், தளபதி, கொடி, எல்லாம் மல்லாந்து விழுந்தன. சில கீழே நாற்காலிக்கடியில்.

என் குதிரைகளில் ஒன்றுகூட விழவில்லை. ஒட்டியிருந்தன.

"போங்கு! சுத்தப் போங்கு சார் இது!" பா. எழுந்துவிட்டார். "இத்தனை வயசுக்கு அழுகுணி ஆட்டமா?"

துணியைப் பற்றி விதிகளில் ஒரு சொல்லும் இல்லை என்று சுட்டிக்காட்டினேன். அவர் முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். இல்லை.

சத்தம் கேட்டுக் கோமதி சுண்டல் கரண்டியோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"அண்ணா, விழுந்து கிடக்கிறது யாரோட ஆளுங்க?"

"என்னோடதுதாம்மா. ஆனா அது வந்து, துணியை—"

"நிக்கறது?"

"சாரோடது. ஆனா—"

கோமதி அலமாரியிலிருந்து கூஜாவை எடுத்தாள். பிளாஸ்டிக் ரோஜாவை உருவி பா.வின் கையில் கொடுத்தாள். உள்ளே போனாள். குழாய் திறக்கும் ஓசை. பிறகு புளி போட்டுத் தேய்க்கும் ஓசை, அழுத்தமாக.

பா. ரோஜாவைப் பிடித்தபடி நின்றார். "மேடம் அம்பயர் இல்லையே சார்?"

"இல்லைதான். போய்ச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் போகவில்லை.