நான் ஒலிக்கவிடாத நத்தார்ப் பாடல்கள்

கர்த்தருக்குள் இளைப்பாறும் என் அன்புத் தம்பி ரத்தினம்,

உன் ஓராண்டு நினைவு மலருக்கு வெண்பா ஒன்று வேண்டுமென்று உன் மனைவி ரஞ்சி தொலைபேசியில் கேட்டாள். உன் மறைவின் முப்பத்தோராம் நாள் மலரில் எழுதியது போலவே நான்கு அடி போதும் என்றாள். நான்கு நாள்களாக எழுதுகோலோடு அமர்ந்திருக்கிறேன். ஓர் அடியும் வரவில்லை. ஆகவே வெண்பாவுக்கு விட்ட இடத்தில் இந்தக் கடிதத்தை அச்சிடக் கேட்கப்போகிறேன்.

அப்போது எழுதிய வெண்பா உனக்குத் தெரியாது. மரணத் தறுவாயில் நீ ஜெபம் ஒன்றையே வேண்டிக் கண்மூடினாய் என்று அதில் பாடியிருந்தேன். சபையில் பலர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். ரஞ்சி அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு, உங்கள் வோபர்ன் வீட்டின் வரவேற்பறையில் உன் படத்தின் கீழ் மாட்டியிருக்கிறாள். எதுகையும் மோனையும் அமைந்து, எங்கும் தளை தட்டாத வெண்பா. அதில் சொல்லியிருப்பது பொய்.

நான் குடியிருக்கும் விட்பியிலிருந்து, பிரசங்கம் செய்யும் என்னை ஞாயிறுதோறும் ஆராதனைக்கு உன் காரில் ஏற்றிச் செல்வாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். மார்கழி பிறக்குமுன்பே உன் காரில் கிறிஸ்து பிறப்புப் பாடல் நாடாக்களான அந்தக் கசற்றுகள் ஒலிக்கத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் தென் மாநிலத்து நற்செய்திப் பாடகர்கள், நால்வர் நால்வராக, ஒரே நிறக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்து உறைகளில் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். பியானோ குதித்தோடும். ஒருவர் குரல் கூரையைத் தொடும். இன்னொருவர் குரல் நிலத்தடிக்கு இறங்கும். அந்தக் கீழ்க்குரல் வரும் இடத்தில் நீ ஸ்டியரிங்கில் தாளம் போட்டு, "கேளுங்கோ அண்ணை, கிணத்துக்கை இறங்கிறான்" என்பாய்.

நான் எட்டி நிறுத்திவிடுவேன். பாடல்கள் பிடிக்காமல் அல்ல. காலம் தவறு என்று. நம் ஐயா உபதேசியாராக இருந்த வீட்டில் கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு முந்திய நான்கு வாரமும் மனந்திரும்புதலின் காலம். இனிப்பு இல்லை, பிறப்பின் பாட்டு இல்லை. நத்தாருக்கு முதல்நாள் மாலை விளக்கேற்றிய பின்னரே வாய் திறப்போம். அந்த ஒழுங்கை நான் கடல் கடந்தும் காத்தேன். நீயோ, "அண்ணை அண்டைக்கு மேய்ப்பரோட வயலில நிண்டிருந்தா தேவதூதனையே, இன்னும் நாள் கிடக்கு, போயிட்டுப் பிறகு வா எண்டு திருப்பி அனுப்பியிருப்பியள்" என்று சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கசற்றை மீண்டும் போட நான் விடவில்லை.

ஒருமுறை நீ சிரிக்கவில்லை. போருக்கு அஞ்சி நம் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்த அந்த ஆண்டு, அம்மா எந்தச் சனத்தோடு நடந்தார், நடந்தாரா என்றுகூடத் தெரியாமல், நீ பாரவூர்தியில் சரக்கேற்றிக்கொண்டு அமெரிக்காவின் டெனசி மலைப்பாதையில் தனியே போய்க்கொண்டிருந்தாய். எரிபொருள் நிலையமொன்றில் வாங்கிய கசற்றைப் போட்டிருக்கிறாய். "அந்த நாலு பேரும் பாடாட்டி, அண்ணை, நான் அண்டைக்கு வண்டியைப் பள்ளத்துக்கை விட்டிருப்பன்" என்றாய். சாரதிகளின் மிகைப்பேச்சு என்று எண்ணி வானிலையைப் பற்றிப் பேசினேன். பள்ளத்தின் விளிம்பு வரை போய்த் திரும்பிய ஒருவன் அதைத் தன் அண்ணனிடம் சொல்லும்போது, அண்ணன் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை?

பிறகு உன் நுரையீரலில் நோய் கண்டது. கோடையில் மெலிந்தாய், மார்கழியில் மருத்துவமனைப் படுக்கையை விட்டு எழவில்லை. நத்தாருக்கு நான்கு நாள் இருந்தபோது, ரஞ்சி குளித்து உடை மாற்றி வர வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் கொண்டுவந்து வைத்த கசற் போடும் சிறிய பாட்டுப்பெட்டி ஜன்னலோரம் இருந்தது. நீ கண்ணால் காட்டினாய்.

"அண்ணை, அதைப் போடுங்கோ."

நத்தாருக்கு முதல்நாள் போடுவோம் என்றேன்.

"அதுவரைக்கும் நான் இருப்பனோ?"

கர்த்தருடைய சித்தம் என்று சொல்லி, பாவ அறிக்கையின் சங்கீதம் ஒன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். மனம் கசிந்து கேட்கிறாய் என்றே நினைத்தேன். உன்னைப் பார்த்துக்கொண்ட ஜமெய்க்காத் தாதி இரக்கமுள்ளவள். நான் போன பின் அவள் போட்டுவிடுவாளோ என்று, கசற்றைக் கழற்றி என் மேற்கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். நீ மீண்டும் கேட்கவில்லை. அதை மட்டுமல்ல, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் காலை போய்விட்டாய்.

நடைகூடத்தில் ரஞ்சி என் கையைப் பிடித்தாள். "கடைசியா ஏதும் கேட்டவரோ, அத்தான்?"

"ஜெபம் பண்ணச் சொன்னவன்" என்றேன்.

அவளைத் தேற்றவே அப்படிச் சொன்னேன் என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. நீ கேட்டது இன்னதென்று சொன்னால், "போட்டனீங்களோ?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அஞ்சினேன். பின்னர் அந்தப் பொய்க்கு யாப்பும் அமைத்துக் கொடுத்தேன்.

இவ்வாண்டு முதற்குளிர் வந்தபோது, அன்றைக்குப் பின் நான் தொடாத மேற்கோட்டின் பையில் கை விட்டேன். கசற் விரலில் பட்டது. நத்தாருக்கு முந்திய அந்தத் திருவருகைக் காலத்தின் முதல் வாரத்திலேயே, வீட்டில் எவரும் இல்லாத பகற்பொழுதில், இருபுறமும் கேட்டேன். பிழை தேடித்தான் கேட்டேன் என்பதை மறைக்கமாட்டேன். உபதேசப் பிழை ஒன்றும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் பியானோவும் ஓய்ந்து நால்வர் குரல் மட்டும் நிற்கும் பாடல் ஒன்று இருக்கிறது. தொழுவத்தின் குளிரையும், இடமற்று அலைந்த தாயையும் மெல்லப் பாடுகிறார்கள். இறுதியில் மற்ற மூவரும் நிறுத்த, அந்தக் கீழ்க்குரல் தனித்து, இன்னும் கீழே, இனி இறங்க இடமில்லை என்னுமிடம் வரை இறங்கி நிற்கிறது. அங்கும் ஒருவர் துணைக்கு வந்து நிற்கிறார் என்பதுதானே நத்தாரின் செய்தி? நாற்பது ஆண்டு பிரசங்க பீடத்தில் நான் அதைத்தானே சொன்னேன்? நீ அந்த இடத்தில் கிடந்தபோது அதைத்தான் தடுத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பாரத்தை உன்னோடும் கர்த்தரோடும் வைத்துக்கொண்டிருப்பேன். வெண்பா கேட்ட அன்று ரஞ்சியிடம், உன் மற்றக் கசற்றுகள் எங்கே என்று விசாரித்தேன். எல்லாவற்றையும் பெட்டியோடு பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிட்டாளாம்.

"அவரே கடைசியில உதுகளை மறந்து ஜெபம்தானே கேட்டவர், அத்தான். பிறகு நான் ஏன் வச்சிருக்கவேணும்?"

குரலில் குறை ஏதும் இல்லை. என் சொல்லை வேதவாக்காக எடுத்து, உன் மகிழ்ச்சி அனைத்தையும் தன் கையாலேயே வெளியே அனுப்பியிருக்கிறாள். தொலைபேசியை வைத்தபின் நான் ஜெபிக்க முயன்றேன். பாதியில் எழுந்து, அந்தக் கசற்றை எடுத்து மேசையில் வைத்தேன்.

தம்பி, உன்னிடம் மன்னிப்பைக் கேட்கும் துணிவு இன்னும் எனக்கு வரவில்லை. ஆனால் ஒன்றை வாக்களிக்கிறேன். இந்தக் கடிதம் அச்சேறும் முன் வோபர்னுக்குப் போவேன். இப்போது என்னை ஏற்றிச் செல்ல நீ இல்லை. ரயிலும் பேருந்தும் மாறிப் போவேன். உன் படத்தின் முன் நின்று இதை முழுவதும் ரஞ்சிக்கு வாசித்துக் காட்டுவேன். சட்டத்தைக் கழற்றுவதும், என்னை வெளியே போகச் சொல்வதும் அவள் விருப்பம். மிஞ்சியிருக்கும் ஒரே கசற்றை அவள் கையில் கொடுத்துவிட்டே படியிறங்குவேன்.

நாளைக் காலையே புறப்படுகிறேன். நத்தார் வரை காத்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரே தாய் வயிற்றில் உனக்கு முன் பிறந்து, உன்னைக் காக்கவைத்த
உன் அண்ணன்