மலையில் சொன்ன அழைப்புக் குறி

உங்களுக்கு,

இங்கு நானும் அத்தையும் நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

அத்தைக்கு முட்டிவலி குறையவில்லை. படி இறங்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்கு, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று என்னை முறைக்கிறார். நீங்கள் எப்போது வருவீர்கள் என்ற கேள்வி காலைக் காபியோடு வந்துவிடுகிறது. வேலை முடியவில்லையாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. குளியலறைக் குழாய் ஒழுகியது, நானே வாஷர் மாற்றிவிட்டேன்.

ரேடியோ கிளப்பின் மலை முகாமுக்குப் போய்வந்தேன். உங்கள் அழைப்புக் குறியையே சொல்லச் சொல்லி எழுதியிருந்தீர்கள். வெளியிடத்திலிருந்து பேசுவது தெரிய, பின்னால் போர்ட்டபிள் என்று மட்டும் சேர்த்தால் போதும், நண்பர்கள் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றீர்கள்.

ரேடியோவில் பேசும் ஒவ்வொருவருக்கும் உரிமத்தோடு தனிக் குறி வரும் என்பது உங்களுக்குத் தெரியாதா? உரிமத் தேர்வை இருவரும் ஒரே அறையில்தான் எழுதினோம். என் உரிமமும் வந்தது. அதற்குப் பிறகு எந்த மலைக்குப் போனாலும் காற்றில் போனது உங்கள் குறிதான். கம்பம் நட்டது, வயர் இழுத்தது, தொண்டை வறளப் பேசியது எல்லாம் நான். பாராட்டு அட்டைகள் உங்கள் பெயருக்கு வந்தன. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை அது விதிப்படி சரி. கடல் தாண்டிப் போன பிறகும் நான் அதையே சொன்னால், நீங்கள் இந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று என் வாயாலேயே எல்லோரையும் நம்பவைப்பதாகும். அதற்குத்தானே கேட்டீர்கள்?

கிளப் செயலாளரும், நீங்கள் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தவர்தான், உங்கள் பக்கமே பேசினார். சார் குறி என்றால் நாலு பேர் ஓடி வருவார்கள், உங்கள் குறியை யாருக்கம்மா தெரியும் என்றார். மைக்கைக் கையில் எடுத்தேன். பிறகு என் குறியைச் சொல்லி, போர்ட்டபிள் என்று முடித்தேன். அவர் சொன்னதுதான் நடந்தது. வெகுநேரம் ஈ ஓட்டினேன்.

யாராவது கிடைப்பார்களா என்று டயலைத் திருப்பிக்கொண்டே போனபோது உங்கள் குறி கேட்டது. முன்னால் நீங்கள் இருக்கும் நாட்டின் எழுத்துகள், பின்னால் உங்களுடையது. சொன்னது ஒரு பெண் குரல்.

பதில் கொடுத்தேன். ரேடியோ நிலையம் தன்னுடையது இல்லை, உரியவர் பக்கத்தில்தான் இருக்கிறார், காபி போடுகிறார் என்றாள். இங்கே சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதர்! பால்கனியில் நாங்கள் கட்டிய ஆண்டெனா, நாங்கள் வாங்கிய ரேடியோ என்று எல்லாவற்றிலும் ஒரு நாங்கள் போட்டாள். தன் சிக்னல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தெளிவாக இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. என் குறியை ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லி நன்றி சொன்னாள்.

வயரைச் சுருட்டும்போது அழுதுவிட்டேன். மலையில் ஒரே தூசி என்று செயலாளர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அவரைப் பற்றி இனி நான் கிண்டல் பேச மாட்டேன்.

நண்பர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். அத்தையிடம் மட்டும் நீங்களே சொல்லுங்கள். அதையும் உங்களுக்காக நான் பேச முடியாது.

அந்தப் பெண்ணின் குரல் நல்ல குரல். அவசரப்படாமல், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பொறுத்துப் பேசுகிறாள். உங்கள் நாற்காலியிலேயே உட்காரவைத்துவிடாதீர்கள். அவளையும் தேர்வு எழுத வையுங்கள். தனக்கென்று ஒரு குறியோடு அவள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்பவள்