ரத்தினத்துக்குப் போன மஞ்சள் தட்டு

பங்குனி 4, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. ராகி காயப்போட்டது. காக்கை விரட்டக் கம்பு தேடினால் கிடைக்கவில்லை.

தம்பிக்குக் கண்வலி. இரண்டும் செக்கச்செவேல். தலைமை ஆசிரியருக்குக் கண்வலி என்றால் இன்ஸ்பெக்டர் விடுவாரா? ஸ்டேட்மெண்ட் போயாக வேண்டும். "அக்கா, உன் எழுத்து முத்து மாதிரி. நான் சொல்றேன், நீ எழுது." ஐந்தாவதோடு நின்ற படிப்பு எனக்கு. ஆனாலும் எழுத்து கோணாது.

எட்டாம் வகுப்பு. மொத்தம் 19. வீட்டில் பேசுவது: தமிழ் 7, தெலுங்கு 8, கன்னடம் 4. பெண்கள் 2.

அந்த இரண்டில் ஒன்று நம் சாரதா, தம்பி மகள். இன்னொன்று நம் வீட்டுக்குப் புளி தட்ட வரும் வெங்கடம்மாவின் மகள் முனிரத்தினம்.

தமிழ்: ரத்தினம் 71, சாரதா 58. கணக்கிலும் ரத்தினம்தான் மேல். வீட்டில் தெலுங்கு பேசுகிறவளுக்குத் தமிழில் 71! யார் திருத்தியது என்றேன். "நான்தான்" என்றான் தம்பி. அப்புறம் என்ன பேச.

எட்டாவது முடிக்கும் ஈ.எஸ்.எல்.சி. பரீட்சையில் முதலில் வரும் பெண்ணுக்குக் கிருஷ்ணகிரி ஹாஸ்டலில் இடம், மேலே படிக்க. இந்தப் பக்கத்துக்கே ஓர் இடம்தான். தாயில்லாத குழந்தையை ஒன்பது வருஷம் தலைவாரி விட்டது இந்தக் கை. மலைமேல் உட்கார்ந்திருக்கும் ஈஸ்வரனுக்குத் தெரியாதா.

பங்குனி 6, புதன்

வெங்கடம்மா வந்தாள். இரண்டு கூடை புளி. தட்டுகிறாள், வாயும் ஓயவில்லை.

"அம்மா, ரத்தினம் கிருஷ்ணகிரிக்குப் போயிருவான்னு சார் சொன்னாருங்க. டீச்சர் ஆவாளாம்."

"ஆவா ஆவா. அப்புறம் நீ நாற்காலியில உக்காந்து புளி தட்டலாம்."

சிரித்தாள். உறைக்கவில்லை அவளுக்கு. புளியில் கொட்டை அப்படியே இருந்தது. திரும்பத் தட்டச் சொன்னேன்.

விளக்குத் திரி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். முழங்கால் வலி.

பங்குனி 8, வெள்ளி

கோயிலுக்குப் போய் வந்தேன். அர்ச்சனை சாரதா பேருக்கு.

சாயங்காலம் ரத்தினம் பாடம் படிக்க வந்தாள். பின்கட்டில் இரண்டும் குசுகுசு. தண்ணீர் எடுக்கப் போனவள் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"நேத்துதான் ஆச்சுடி. எங்கம்மாவுக்கு மட்டும் தெரியும். மாமனுக்குத் தெரிஞ்சா குச்சு கட்டி உக்கார வச்சிருவாரு. பரீட்சை முடியட்டும்னு அம்மா சொல்லிச்சு."

"பயப்படாதடி. எனக்குத் தை மாசமே ஆச்சு, நான் வாயத் தொறக்கலையே. நீயும் யார்கிட்டயும் சொல்லலையே."

சாரதா பழைய புடவைத் துணியைக் கிழித்துக் கொடுத்தாள். என் புடவை அது.

சாரதா விஷயம் வேறு. அவள் மாமன் சேலத்தில். பரீட்சை முடிந்து சித்திரையில் சடங்கு வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி முன்னால் வைத்தாயிற்று. முறையாகக் கேட்டுக்கொண்டு செய்தது. இவர்கள் சாமியிடம் கேட்டார்களா? தீட்டோடு என் கிணற்றடி வரைக்கும் வந்திருக்கிறாள்.

தூக்கமில்லை.

பங்குனி 9, சனி

தலைக்குக் குளித்துவிட்டுத் தட்டு தயார் செய்தேன். மஞ்சள், எள், வெல்லம், வெற்றிலை, பச்சை ரவிக்கைத் துணி. குறை வைக்கவில்லை. நான் தொட்டுத் தூக்கக் கூடாது, தாலி இல்லாதவள். பக்கத்துக் கௌடர் வீட்டம்மாவைக் கூப்பிட்டேன்.

"அந்தத் தெருவுக்கா? நாமளா?" என்றாள்.

"தெருமுனையில நின்னு பாடினாப் போதும். புண்ணியம்."

நாலு சுமங்கலிகள் முன்னால், நான் பத்தடி பின்னால். கௌடர் வீட்டம்மாவுக்கு நல்ல குரல். கன்னடப் பாட்டு. தெருவே வெளியே வந்துவிட்டது.

வெங்கடம்மா ஓடி வந்தாள். "உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"நல்ல சேதிக்குக் கால் இருக்குதுடி. மூடி வச்சா குலத்துக்கு ஆகாது."

அவள் தம்பி, ரத்தினத்தின் மாமன், துண்டை உதறிக்கொண்டு வந்தான். "எனக்குச் சொல்லல. ஊருக்கே தட்டு வருது. நான் என்னா செத்தா போயிட்டேன், அக்கா?" வெங்கடம்மா அவன் காலைப் பிடித்தாள். திங்கட்கிழமை பரீட்சை, ஒரு வாரம் பொறு என்று தெலுங்கில் அழுதாள். "பதினாறு நாள். அதுக்குள்ள வாசப்படி தாண்டினா நான் மாமன் இல்ல" என்றான்.

சாயங்காலமே பச்சைத் தழை வெட்டிக் குச்சு கட்டிவிட்டான். முறை தெரிந்தவன்.

நாங்கள் கிளம்பும்போது ரத்தினம் அவள் வீட்டுக் கதவோரம் நின்றிருந்தாள். கையில் பூகோளப் புத்தகம். அழவில்லை. என்னையே பார்த்தாள்.

வரும்போது திரி வாங்கினேன்.

பங்குனி 11, திங்கள்

பரீட்சை. ஓசூருக்கு பஸ். சாரதாவுக்குத் தயிர்சாதம், நெற்றியில் விபூதி.

தம்பி விடிகாலையே அந்த மாமனிடம் போய்க் கெஞ்சியிருக்கிறான். தலைமை ஆசிரியர் கெஞ்சலாமா? குச்சுக்கு முன்னால் உட்கார்ந்து, "நான் கூட்டிட்டுப் போயி நானே கூட்டிட்டு வரேம்ப்பா" என்றானாம். "வாத்தியாரு பாடத்த மட்டும் பாருங்க" என்று பதில். அங்கிருந்து நேராக பஸ்ஸுக்கு.

பங்குனி 13, புதன்

பரீட்சை முடிந்தது. சாரதா நன்றாக எழுதினாளாம். அதைக்கூட அப்பனிடம்தான் சொல்கிறாள். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. தலைவாரக் கூப்பிட்டேன். தானே பின்னிக்கொண்டாள். கோணல் வகிடு.

"யாருக்காகடி செஞ்சேன்?"

"தை மாசம் எனக்கும்தான் ஆச்சு. அதையும் தெருமுனையில நின்னு பாடிட்டு வாங்க, அத்தை."

ஓங்கி ஒன்று வைத்தேன். கன்னத்தில் நாலு விரலும் பதிந்தது. விளக்கேற்றும் நேரத்தில் பேசுகிற பேச்சா.

பங்குனி 20, புதன்

மேகம் இருந்தும் மழை இல்லை. மாங்காய் உப்பில் போட்டது. ஜாடி விரிசல்.

வெங்கடம்மா கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். இலையில் உளுந்தம்புட்டு. "முதல் தட்டு உங்க வீட்டுதுங்க. அதான் எடுத்துட்டு வந்தேன். ரத்தினத்துக்கு மாமனே மாப்பிள்ளைன்னு பேசி முடிச்சாச்சு. வைகாசியில."

"நல்லதாப் போச்சு. கைக்குள்ளயே இருப்பா."

"நல்லதுதானுங்களே?" என்றாள். இரண்டு தடவை கேட்டாள்.

"நல்லதுதான். நாளைக்கு அவளையும் கூட்டிட்டு வா. புளி நிறையக் கிடக்குது."

"இன்னும் நாலு நாள் குச்சுல இருக்கணுங்க."

"சரி, அப்புறம் வரட்டும்."

புட்டை மாட்டுக்கு வைத்தேன். அவர்கள் வீட்டுச் சமையல் நமக்கு ஆகாது.

தம்பிக்குக் கண் இன்னும் தெளியவில்லை. ஸ்டேட்மெண்டை முடித்துவிடலாம் என்றேன். பதிவு 19. எழுதியவர் 18. எழுதியதில் பெண் 1. வராதவர்: முனிரத்தினம், வீட்டில் தெலுங்கு. பக்கத்துக் கட்டத்தில் 'காரணம்' என்று கேட்டிருக்கிறது.

"என்ன போடறது?" என்றேன். தம்பி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். நானே எழுதினேன்: பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை.

கையெழுத்துப் போடும் இடத்தில் அவன் விரலைப் பிடித்து வைத்தேன். போட்டான்.