தேயாத பல்சக்கரம்

கோயம்புத்தூர்
11.03.2025

அன்புள்ள பரீத் பாய் அவர்களுக்கு,

நம் கடை வாடிக்கைக்காரப் பெண் சண்முகப்பிரியா சைக்கிளிலிருந்து கீழே விழுந்ததற்கு உங்கள் மிஸ்திரி வேலை காரணமில்லை. நான் செய்து விற்ற கேசட்தான், பின்சக்கரத்தில் மாட்டுகிற அந்தப் பல்சக்கர அடுக்குதான், காரணம். விழுந்த அன்று சாயங்காலமே அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மறுநாள் காலையில் ரேஸ்கோர்ஸில் முப்பது பேர் முன்னால் உங்கள் பேரைச் சொன்னேன்.

நீங்கள் சுகமாக இருப்பதாக உங்கள் மைத்துனர் முஸ்தபா சொன்னார். அவர் வெள்ளிக்கிழமை சார்ஜாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில்தான் இது வருகிறது. நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுக்காததில் தப்பும் இல்லை. உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளும் இதில் இருக்கும். உங்கள் வீட்டிலும் படிப்பார்கள், நாளைக்குப் பிள்ளைகளும் படிப்பார்கள், அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று முதலிலிருந்து எழுதுகிறேன்.

மலையேறுகிற சைக்கிள்களுக்கு வெளிநாட்டு கேசட் வாங்கி வாங்கி நம் வாடிக்கைக்காரர்கள் சலித்துப்போயிருந்த சமயம் அது. ஒரு மழைக்காலம் சேற்றில் ஓட்டினால் பல் மொட்டையாகிவிடுகிறது, விலையோ யானை விலை என்று கடைக்கு வருகிறவர்களெல்லாம் புலம்பினார்கள். மில் மெஷினுக்கும் பம்புக்கும் பல்சக்கரம் வெட்டுகிற ஊரில் இருந்துகொண்டு சைக்கிளுக்கு வெட்ட முடியாதா என்று எனக்குத் தோன்றியது. ஒரு சாம்பிளைத் தூக்கிக்கொண்டு கணபதியில் சென்னிமலை என்பவரின் பட்டறைக்குப் போனேன். முப்பது வருசம் மில்களுக்குப் பல் வெட்டின ஆள், இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் வேலையில் யாரும் நொட்டை சொன்னதில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினொரு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் நாலைந்து பல் குட்டையாக இருந்தது. நுனி சாய்வாக, பக்கவாட்டில் சுரண்டினது போலப் பள்ளமாக. அவர் சிரித்தார். "ஏனுங்க, தேஞ்சு போனதக் கொண்டாந்து சாம்பிள்னு வெக்கறீங்க? உங்களயே ஒருத்தன் ஏமாத்திப்போட்டானாட்ட இருக்குதுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. காங்கேயத்திலிருந்து தாராபுரம் வரைக்கும் பஸ்ஸில் போய் டியூப் ஒட்டுகிற ரப்பர் விற்ற காலத்திலிருந்து என்னை யாரும் ஏமாற்றினதில்லை என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பெருமை. அது உங்களுக்குத் தெரியும், நூறு தடவை சொல்லியிருப்பேன். அந்தச் சாம்பிளை நான் பாதி விலைக்கு வாங்கியிருந்தேன். பாதி விலை என்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எல்லாப் பல்லையும் ஒரே உயரத்தில் முழுசாக வெட்டச் சொல்லிவிட்டேன். பக்கவாட்டுப் பள்ளத்தையும் எடுக்கச் சொன்னேன். பல் கெட்டிப்பட ஹீட் ட்ரீட்மெண்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னேன். வந்து இறங்கிய சரக்கு கோயில் நகை மாதிரி இருந்தது. ஒரு பல்லுக்கும் அடுத்ததுக்கும் நூல் வித்தியாசம் கிடையாது.

நீங்கள் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி, பெடலைக் கையால் சுற்றி, கியரை மாற்றிப் பார்த்தீர்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "அண்ணா, அந்தக் குட்டைப் பல்லு தேஞ்சது இல்லீங்க. செயின் ஒரு சக்கரத்த உட்டு அடுத்ததுக்கு ஏர்றதுக்கு அதுதானுங்க வழி. நாம வழிய அடைச்சுப்போட்டோமுங்க."

நீங்கள் 'நாம' என்றுதான் சொன்னீர்கள். முப்பது வருசம் பல் வெட்டினவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று கேட்டேன். பிறகு நாலு பேர் வண்டியில் மாட்டிக் கொடுத்து, எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடி வந்ததை உங்கள் முன்னால் கழற்றிக் காட்டினேன். பல் புதுசு மாதிரியே இருந்தது. "தேயாம இருந்து என்னங்கண்ணா பண்றது, ஏறோணுமே" என்றீர்கள். அன்றைக்கு அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பெட்டி மேல் 'பத்தாயிரம் கிலோமீட்டருக்கு கேரண்டி' என்று அச்சடித்து ஈரோடு, உடுமலைப்பேட்டை வரைக்கும் அனுப்பினேன்.

ஒன்றரை வருசம் ஒரு குறையும் வரவில்லை. சரக்கின் யோக்கியதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போன பிறகுதான் அது எப்படி ஓடியது என்று தெரிந்தது. நீங்கள் ஒவ்வொரு வண்டிக்கும் கேபிளைக் கால் திருகு, அரைத் திருகு என்று உட்கார்ந்து சரிசெய்திருக்கிறீர்கள். வாங்கினவர்களைத் தெருவில் ஓட்டச் சொல்லி, கியர் மாற்றுவதற்கு முன்னால் மிதியைத் தளர்த்த வேண்டும், ஒரு சுற்று பொறுக்க வேண்டும் என்று ஆளாளுக்குப் பழக்கிவிட்டிருக்கிறீர்கள். என் பல்சக்கரத்தில் இல்லாத வழியை அவர்கள் காலில் வைத்து அனுப்பினீர்கள். நான் அதை வியாபாரம் என்று எண்ணிக்கொண்டேன்.

சமதளத்தில் மிதியைத் தளர்த்தலாம். மாங்கரை தாண்டிய மலை ஏற்றத்தில் தளர்த்தினால் வண்டி நின்றுவிடும். சண்முகப்பிரியா எழுந்து நின்று மிதித்திருக்கிறாள். பெரிய சக்கரத்துக்குப் போக வேண்டிய செயின் ஏறாமல் பல் நுனி மேலேயே படுத்திருந்து, மிதித்த மிதியில் ஒரே உதறலாகக் கீழே விழுந்திருக்கிறது. அவள் பக்கவாட்டில் எல்லைக்கல் மேல் விழுந்தாள். காரை எலும்பு முறிவு, வலது மணிக்கட்டில் தகடு.

வண்டியை அன்று சாயங்காலம் நானே ஸ்டாண்டில் ஏற்றினேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் அவள் அப்பாவோடு இருந்தீர்கள். பெடலைக் கையால் சுற்றினேன். செயின் ஒரு முழுச் சுற்று பல் நுனியில் சவாரி செய்துவிட்டு 'டக்'கென்று விழுந்தது. மூன்று தடவை பார்த்தேன். நீங்கள் சொன்னது அத்தனையும் கண்ணெதிரே நின்றது. கடைக்குள் விற்காத பெட்டி அறுநூறு இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சைக்கிள்காரர்கள் எல்லாரும் கூடுகிற இடத்தில் என்னைக் கேட்டார்கள். கேசட்டில் ஒன்றுமில்லை, பரீத் பாய் கேபிளைச் சரியாக வைக்காமல் விட்டுவிட்டார், வயசாகிறது, கண் முன்னே மாதிரி இல்லை என்றேன். நீங்கள் அங்கேயே ஒருத்தர் வண்டிக்கு பிரேக் முடுக்கிக்கொண்டிருந்தீர்கள். பாதியில் விடாமல் முடுக்கி முடித்தீர்கள், கையைத் துடைத்தீர்கள், போனீர்கள். திங்கட்கிழமை உங்கள் கடைச் சாவி என் மேசை மேல் இருந்தது. நீங்கள் வாய் திறக்க மாட்டீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் நான் அப்படிச் சொன்னேன். இருபத்திரண்டு வருசம் பக்கத்தில் வைத்திருந்த ஆளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அதற்குத்தான் பயன்படுத்தினேன். ஐம்பத்து நாலு வயதில் நீங்கள் கடல் தாண்டிப் போனது அதனால்தான். இந்த ஊரில் ஒருத்தரும் உங்களை நம்பி வண்டி விடாமல் போனதும் அதனால்தான்.

போன மாதம் சண்முகப்பிரியா கடைக்கு வந்தாள். மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை, ஆனால் ஓட்ட ஆரம்பித்துவிட்டாளாம். பரீத் அண்ணன் எங்கே என்று கேட்டாள். அவரால்தானே விழுந்தாய், அவரை எதற்குத் தேடுகிறாய் என்றேன். அப்போதுதான் அவள் சொன்னாள். விழுவதற்கு நாலு நாள் முன்னால் நீங்கள் அவளிடம் இந்தக் கேசட்டோடு மலைக்குப் போகாதே என்று சொன்னீர்களாம். உங்கள் சொந்த வண்டியில் இருந்த பழைய வெளிநாட்டுக் கேசட்டைக் கழற்றி, காசு வேண்டாம், இதைப் போட்டுக்கொண்டு போ என்று கையில் கொடுத்தீர்களாம். அவள்தான் முடியாது என்றாளாம். ஏன் என்று கேட்டேன். "நீங்கதானுங்க அங்கிள் சொன்னீங்க, அது தேஞ்சதுன்னு, இதுதான் தாங்கும்னு. உங்க பேச்சக் கேட்டுத்தானுங்க நான் வேண்டாம்னேன்" என்றாள்.

அன்றைக்கு ரேஸ்கோர்ஸில் இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும், நீங்கள் தப்பியிருப்பீர்கள். கடை பேரில் நின்றுகொண்டு கடைக்கு எதிராகப் பேசக் கூடாது என்று விட்டுவிட்டீர்கள்.

பாய், அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில், அதே நேரத்துக்குப் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். இரண்டு கேசட்டையும் கையில் வைத்துக்கொண்டு எது குட்டைப் பல், அது எதற்கு என்று நீங்கள் சொன்னபடியே காட்டினேன். முடித்ததும் ஒருத்தர், "மாங்கரை ஏத்தம் ஏறவே எங்களுக்கு முக்கால் மணிதாங்கண்ணா ஆகுது. உங்களுக்கு ஒம்பது மாசம் ஆயிருக்குது" என்றார். சிரிப்பு எழுந்தது. எனக்கு அது வேண்டியதுதான். சண்முகப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை.

சென்னிமலையிடமும் சொன்னேன். அவர் கடைக்கு வந்து ஸ்டாண்டுக்கு எதிரே உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிச் சுற்றிப் பார்த்தார். பல் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதைத் தவிர தான் வேறொன்றும் படிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார். அவர் மேல் வருத்தமில்லை. அவருக்குச் சைக்கிள் தெரியாது. என் பக்கத்திலேயோ சைக்கிள் தெரிந்த ஒருத்தர் இருந்தார்.

மிச்சமிருந்த பெட்டிகள் பவுண்டரிக்கு உருக்கப் போய்விட்டன. வெளியூர்க் கடைகளுக்கு நானே நேரில் போய்த் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன். உடுமலையில் முடிந்தது, ஈரோட்டில் பாதி முடிந்தது. கியர் வண்டி வேலை இப்போது கடையில் எடுப்பதில்லை. கேட்கிறவர்களிடம் மிஸ்திரி ஊரில் இல்லை என்று சொல்கிறேன். நீங்கள் வேலை பார்த்த ஜன்னல் பக்கத்து ஸ்டாண்டில் யாரையும் உட்கார வைக்கவில்லை. உங்கள் சாவி என் மேசை டிராயரில் இருக்கிறது.

ஊர்ச் சங்கதி சொல்வதானால், பங்குனி பிறப்பதற்கு முன்னாலேயே வெயில் தாங்கவில்லை. சிறுவாணித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிறது. கோட்டைமேட்டில் உங்கள் வீட்டுக் குழாயில் அதுவும் நூலாக வருவதாக உங்கள் மனைவி தாஜுன்னிசா சொன்னார், ஆளை அனுப்பிச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன். அவர் இளைத்துத்தான் இருக்கிறார். நோன்பு வைத்திருந்தும் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். வேண்டாம் என்றதற்கு, வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு டீ உண்டு என்றார். 'யாராக இருந்தாலும்' என்பதை அவர் அழுத்தியும் சொல்லவில்லை. நான் குடித்தேன்.

அவரிடமும் முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு, இதெல்லாம் தனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லையாம். சாவியை வைத்துவிட்டு வந்த அன்று நீங்கள் உங்கள் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி வைத்துக் கியரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்களாம், கண்ணும் கையும் சரியாகத்தான் இருக்கிறதா என்று. அதைப் பார்த்ததிலேயே தெரிந்துகொண்டாராம்.

நோன்பு உங்களுக்கு நல்லபடியாக நிறைவேறட்டும். அந்த ஊர் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கை மேல் சந்தேகம் வேண்டாம் பாய், அதில் ஒரு காலத்திலும் குறை இருந்ததில்லை. என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

கடைசியாக, இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு தாஜுன்னிசாவோடு பேசி முடிவானதையும் சொல்லிவிடுகிறேன். உறையை ஒட்டாமல் கொடுக்க வேண்டும், அவர் படித்த பிறகுதான் அது முஸ்தபாவிடம் போகும். இன்னொன்றைச் சொல்லும்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "போகும்படி வெச்சதும் நீங்கதானுங்கண்ணா. இனி வாங்கன்னும் நீங்களே சொல்ல வேண்டாமுங்க. அவரா நெனைக்கட்டும்." உங்களை ஊருக்குத் திரும்பக் கூப்பிட்டு இதில் ஒரு வரிகூட இருக்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திருமலைசாமி