மருந்துக்கடையில் அண்ணி சொல்லாதது

ஜூலை 4
இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். ஒரு சொல்லைக்கூடக் கூட்ட மாட்டேன்.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அவருடைய தாய்மொழி வேறு. நம் சொற்கள் போலவே ஒலிக்கும் சொற்கள் அதிலும் உண்டு. அர்த்தம்தான் எங்கோ போய்விடுகிறது. ‘வாடு’ நமக்கு வினைச்சொல், பூ வாடுகிறதே அது. அவர்களுக்கு அது ‘அவன்’. ‘அவசரம்’ என்றால் அங்கே ‘தேவை’. இன்று அம்மா போர்வையை நீட்டியபோது அண்ணி, “எனக்கு இது அவசரம் இல்லை அத்தை” என்றார். “சரிம்மா, மெதுவாவே போர்த்திக்கோ!” என்றார் அம்மா. அண்ணிதான் அதிகம் சிரித்தார்.

படுக்கும் முன் வாசலில் நின்று, “லைட்டை மூடட்டா, பாப்பா?” என்பார். “அணைக்கட்டா” என்று தினமும் திருத்துகிறேன்.

ஜூலை 9
பேச்சுப்போட்டிக்கு இந்தச் சொற்களையே எடுத்துக்கொண்டேன். தமிழ் டீச்சர், “பாடம் மாதிரி இருக்கு. கொஞ்சம் சிரிக்க வைம்மா” என்றார். போர்வைக் கதைக்கு யார் சிரிப்பார்கள்?

ஜூலை 15
முதல் பரிசு.

அதே நாள், மறுபடி
எழுதித்தான் ஆக வேண்டும். மேடையில், “எங்க அண்ணி மருந்துக்கடையில போய், புருஷனுக்கு மருந்து வேணும்னு கேக்குறதுக்குப் பதிலா, ‘எனக்குப் புருஷன் அவசரம்’னு சொன்னாங்க” என்றேன். கூடமே குலுங்கியது. அண்ணி அந்தக் கடைக்குப் போனதே இல்லை. மூன்றாம் வரிசையிலிருந்து அவரும் கை தட்டினார்.

வெளியே வரும்போது என் தோழியின் அம்மா, “என்னம்மா, புருஷன் ஸ்டாக் வந்துச்சா?” என்று அண்ணியைக் கேட்டார். சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். நான் பரிசுக் கோப்பையைப் பார்த்தேன்.

ஜூலை 18
அண்ணி பேசுவதில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறார். பால் வாங்கக்கூட அண்ணனைத்தான் அனுப்புகிறார். “அவளுக்கு என்னடி ஆச்சு?” என்று அம்மா கேட்டார். தெரியாது என்றேன் — இதுவும் பொய். என்னைக் கேட்காமலே லைட்டை அணைத்துவிட்டுப் போகிறார்.

ஜூலை 20
சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தார்.
“மருந்துக்கடை... நானா இட்டுக்கட்டினது, அண்ணி.”
“தெரியும். நான் அங்க போகலையே.”
“அப்ப ஏன் கை தட்டினீங்க?”
சொல் தேடினார். “நீ பேசினே. அதான்.”
ஐயோ. ரெண்டு அறை விட்டிருக்கலாமே.

ஜூலை 21
தோழியின் அம்மாவிடமும் போய் உண்மையைச் சொன்னேன். “தமாஷுக்குத்தானே, விடு” என்றார். என்னால் விட முடியவில்லை.

ஜூலை 26
அண்ணியிடம் அவருடைய மொழியைக் கற்றுத் தரச் சொல்லிக் கெஞ்சி, நாலு நாளாகப் படிக்கிறேன். இன்று கூடத்தில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அறையிலிருந்தே அவரைக் காட்டிப் பெருமையாக “வாடு!” என்றேன். அண்ணி பதறி அறைக் கதவைச் சாத்தினார்.
“அப்பாவை அப்படிச் சொல்லாதே. அது சின்னப் பசங்களுக்கு. பெரியவங்களுக்கு ‘ஆயன’ன்னு சொல்லு.”
சிரிக்கவே இல்லை.

சாப்பிடும்போது அண்ணன் கேட்டான்: “உன் மாணவி என்ன கத்துக்கிட்டா?”
சொல்ல எவ்வளவு நல்ல கதை! அப்பாவும் எதிரே இருந்தார்.
“நல்லா படிக்கிறா” என்றார் அண்ணி, தண்ணீர் ஊற்றியபடி.

இப்போது வாசலில் நிற்கிறார்.
“லைட்டை மூடட்டா, பாப்பா?”
“மூடுங்க அண்ணி.”
லைட் அணைந்துவிட்டது. இந்த வரி கோணலாகத்தான் இருக்கும்.